முதல் பெட்டியில் அதே எண்

பிப்ரவரி, மார்ச் மாதச் சனிக்கிழமைகளில் டெட்ராய்ட்டில் ஒரு நூலகத்தின் பின்னறையில் உட்கார்ந்து வரிப் படிவம் நிரப்பிக் கொடுப்பேன். வருமானம் குறைந்தவர்களும் வயதானவர்களும் வருவார்கள். காசு வாங்குவதில்லை. நான் கார் கம்பெனி வேலைக்காக 2009இல் இந்தப் பக்கம் வந்து, ட்ராய் என்ற புறநகரில் குடியேறியவன். அது வரை டெட்ராய்ட் எனக்கு அரை மணி நேரத் தொலைவில் இருந்த ஓர் ஊர், அவ்வளவுதான். அந்தப் பின்னறையில்தான் அந்த ஊர் மனிதர்களோடு உட்கார்ந்து பேசத் தொடங்கினேன்.

2017இல் ஓர் அம்மா என் மேசைக்கு வந்தார். நகர அலுவலகம் ஒன்றில் 30 வருடம் எழுத்தராக இருந்து, 58 வயதில் ஓய்வு பெற்றவர். தாள்களையெல்லாம் ஒரு பழைய பிஸ்கட் டின்னில் அடுக்கிக் கொண்டுவந்திருந்தார். ஓய்வூதியத்துக்கு 1099-ஆர் என்று ஒரு படிவம் வரும். அதன் முதல் பெட்டியில் அந்த வருடம் வாங்கிய மொத்தத் தொகை இருக்கும். அவருடையதில் 16,176 டாலர். அடுத்த வருடமும் வந்தார். 16,176. அதற்கடுத்த வருடமும் அதே. நான்காவது முறை தாளைப் பார்க்காமலே அந்த எண்ணைத் தட்டினேன். "உங்களுக்கும் மனப்பாடமாகிவிட்டதா?" என்று கேட்டார். அப்புறம் கொஞ்ச நேரம் இருவரும் பேசவில்லை. (அவரிடம் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். ஆள் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

டெட்ராய்ட் பென்ஷன் வெட்டு என்றதும் எல்லோரும் சொல்வது நாலரை சதவீதம். 2014இல் செய்தித்தாளில் நானும் அதைப் படித்தேன். ஒரு நகரமே திவாலாகி, பென்ஷனில் நாலரை சதவீதம்தான் போனது என்றால் பரவாயில்லையே, ஏதோ நல்லபடியாக முடித்துவிட்டார்கள் என்று நினைத்தேன். அப்படி நினைத்ததற்கு இப்போது வருந்துகிறேன். அந்த நாலரைக்குள் என்னென்ன இருந்தது என்பதை எனக்குக் காட்டியது அந்த பிஸ்கட் டின்தான்.

முதலில் நகரம் எப்படி அந்த நிலைக்கு வந்தது என்று கொஞ்சம். 1950இல் டெட்ராய்ட்டின் மக்கள்தொகை 18,49,568. 2010இல் 7,13,777. கார் தொழிற்சாலைகள் வெளியே போயின, வெள்ளையர்கள் புறநகர்களுக்குப் போனார்கள், பின்னாலேயே கறுப்பின நடுத்தரக் குடும்பங்களும் போயின. ஊரின் பரப்பு குறையவில்லை. அதே சாலைகள், அதே குழாய்கள், அதே தெருவிளக்குகள். வரி கட்டத்தான் ஆள் இல்லை. 2013இல் தெருவிளக்குகளில் சுமார் 40 சதவீதம் எரியவில்லை. இன்னொரு பக்கம், ஊர் பெரிதாக இருந்த காலத்தில் வேலை பார்த்தவர்களுக்கெல்லாம் வயதாகி, பணியில் இருப்பவர் ஒருவருக்கு ஓய்வு பெற்றவர் இருவர் என்ற கணக்கு வந்துவிட்டது.

இதற்கு நடுவில் 2005இல் ஒரு காரியம் செய்தார்கள். கில்பாட்ரிக் மேயராக இருந்த சமயம். பென்ஷன் நிதியில் விழுந்த பள்ளத்தை அடைக்க 144 கோடி டாலர் கடன் வாங்கினார்கள். வட்டி ஏறிவிட்டால் என்ன செய்வது என்ற பயத்தில், வட்டி விகிதத்தின் மேல் வங்கிகளோடு தனியாக ஓர் ஒப்பந்தமும் போட்டார்கள். 2008இல் உலகமே சரிந்தது. வட்டி பாதாளத்துக்குப் போனது. ஒப்பந்தப்படி நகரம்தான் வங்கிகளுக்குக் கட்ட வேண்டும் என்றானது. அதற்கு ஈடாக 2009இல் சூதாட்ட விடுதிகளிலிருந்து வரும் வரிப் பணத்தையே அடகு வைத்தார்கள். தாலியை அடகு வைத்து வட்டி கட்டும் குடும்பங்களை நாம் பார்த்திருக்கிறோம். ஏறக்குறைய அதுதான்.

பென்ஷன் வாரியத்தின் மேலும் குறை உண்டு, அதையும் சொல்லாமல் விட்டால் நியாயமாகாது. சந்தை நன்றாக இருந்த வருடங்களில் பன்னிரண்டு மாதப் பென்ஷனுக்கு மேல் 'பதின்மூன்றாவது காசோலை' என்று ஒன்று கொடுத்துப் பழக்கினார்கள். கெட்ட வருடத்துக்கு எடுத்து வைத்திருக்க வேண்டிய பணம் அது. நகரின் முன்னாள் பொருளாளர் ஒருவரும், பென்ஷன் நிதிக்குப் பொறுப்பானவர்கள் இருவரும் லஞ்ச வழக்கில் 2014 டிசம்பரில் குற்றவாளிகள் என்று தீர்ப்பானது. அந்த எழுத்தர் அம்மாவுக்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. அவர் சம்பளத்திலிருந்து பிடித்தார்கள், அவர் வேலை பார்த்தார்.

2013 மார்ச்சில், டெட்ராய்ட் இருக்கும் மிச்சிகன் மாநிலத்தின் ஆளுநர் ஸ்னைடர், கெவின் ஆர் என்ற திவால் சட்ட வழக்கறிஞரை நகரின் அவசரகால மேலாளராக நியமித்தார். மேயரும் நகர மன்றமும் இருந்தும் அதிகாரம் இவர் கையில். இப்படி நியமிக்க வழிசெய்த பழைய சட்டத்தை மிச்சிகன் மக்கள் 2012 நவம்பரில் வாக்களித்து ரத்து செய்திருந்தார்கள். அடுத்த மாதமே சட்டமன்றம் கிட்டத்தட்ட அதே சட்டத்தை, இந்த முறை மக்கள் வாக்கெடுப்பால் தொட முடியாதபடி, புதிதாக நிறைவேற்றியது. டெட்ராய்ட்காரர்களிடம் பேசினால் இன்றும் முதலில் சொல்வது இதைத்தான். பணம் போனதைவிட, வேண்டாம் என்று வாக்களித்தும் அது செல்லுபடியாகவில்லை என்பதுதான் அவர்களுக்குப் பெரிய காயம்.

2013 ஜூலை 18. பென்ஷன் நிதிகளின் வழக்கறிஞர்கள் மாநிலத் தலைநகர் லான்சிங்கில் நீதிமன்றத்துக்குப் போயிருந்தார்கள். நகரம் திவால் மனு போடுவதைத் தடுக்க வேண்டும் என்பது கோரிக்கை. அது விசாரணைக்கு வருவதற்குச் சில நிமிடங்கள் முன்பு, மாலை 4:06க்கு, டெட்ராய்ட்டில் மனு தாக்கலாகிவிட்டது. மொத்தக் கடன் சுமார் 1,800 கோடி டாலர். அமெரிக்காவில் எந்த நகரமும் அதற்குமுன் இவ்வளவு பெரிய திவாலைப் பார்த்ததில்லை.

அன்று இரவு அப்பாவிடம் போனில் சொன்னேன். கும்பகோணத்தில் இருக்கிறார். நகராட்சியில் பில் கலெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். வருடா வருடம் மஸ்டரிங் போய் உயிரோடு இருப்பதைக் காட்டிவிட்டு வருவார். அகவிலைப்படி எப்போது ஏறும், எத்தனை சதவீதம் என்பது அவருக்கு விரல் நுனியில் இருக்கும். "அதெப்படிடா, கவர்மென்ட் பென்ஷன்ல கை வைக்க முடியும்? அது அவன் கொடுக்கிற காசா? நம்ம வேலை பார்த்த காசுடா" என்றார்.

மிச்சிகன் அரசியல் சாசனமும் ஏறக்குறைய அதையேதான் சொல்கிறது. 1963ஆம் ஆண்டுச் சாசனம், 9ஆம் பகுதி, 24ஆம் பிரிவு: அரசு ஊழியர் ஈட்டிய ஓய்வூதியம் ஓர் ஒப்பந்தக் கடமை, அதைக் குறைக்கவோ கெடுக்கவோ கூடாது. லான்சிங் நீதிபதி அதைக் காட்டி, திவால் மனுவைத் திரும்பப் பெற வேண்டும் என்று மறுநாளே உத்தரவிட்டார். ஆனால் வழக்கு மத்திய திவால் நீதிமன்றத்துக்குப் போய்விட்டபடியால் அந்த உத்தரவு நிற்கவில்லை.

2013 டிசம்பர் 3ஆம் தேதி திவால் நீதிபதி ஸ்டீவன் ரோட்ஸ் தீர்ப்புச் சொன்னார். சாசனம் ஓய்வூதியத்தை 'ஒப்பந்தக் கடமை' என்கிறது. திவால் சட்டத்தின் வேலையே ஒப்பந்தங்களை மாற்றுவதுதான். அது மத்தியச் சட்டம், மாநிலச் சாசனத்துக்கு மேலானது. ஆகவே பென்ஷனையும் குறைக்கலாம். எந்த வார்த்தையைக் காவல் என்று நம்பி ஐம்பது வருடம் இருந்தார்களோ, அதே வார்த்தை வழியாகத்தான் கத்தி உள்ளே வந்தது. சட்டப்படி அவர் சொன்னது சரியாகவே இருக்கலாம். எனக்கு அதை ஏற்கத்தான் முடியவில்லை. கடன்பத்திரம் வாங்கியவர் ஆபத்து தெரிந்து, அதற்கு வட்டி வாங்கிக்கொண்டுதான் பணம் போட்டார். தபால் பிரித்துக்கொண்டும் கோப்பு எழுதிக்கொண்டும் இருந்தவருக்கு அப்படி ஓர் ஆபத்தை யாரும் சொல்லவுமில்லை, அதற்குத் தனியாகக் கூலி கொடுக்கவுமில்லை. தனியார் கம்பெனி பென்ஷன் முழுகினால் ஒரு மத்தியக் காப்பீடு ஓரளவு தாங்கும். நகராட்சி பென்ஷனுக்கு அதுவும் கிடையாது.

சரி, நாலரைக்கு வருகிறேன்.

திவாலுக்கு முன் அந்த அம்மாவின் பென்ஷன் மாதம் 1,600 டாலர். வருடத்துக்கு 19,200. டெட்ராய்ட்டின் பொது ஊழியர்களுக்குச் சராசரியே ஏறக்குறைய அவ்வளவுதான், 19,000 சொச்சம். ஏதோ ராஜபோகம் அனுபவித்தார்கள் என்று நினைப்பவர்கள் இந்த எண்ணைப் பார்க்க வேண்டும். இதில் நாலரை சதவீதம் என்றால் மாதம் 72 டாலர். பத்திரிகையில் வந்தது இது ஒன்றுதான்.

இரண்டாவது, அகவிலைப்படி. அங்கே அது வருடத்துக்கு 2.25 சதவீதம். கூட்டு வட்டி போல இல்லாமல், மூலப் பென்ஷன் மேல் மட்டும். அவர் கணக்கில் மாதத்துக்கு 36 டாலர், ஒவ்வொரு வருடமும் கூடிக்கொண்டே போக வேண்டும். பொது ஊழியர்களுக்கு அதை முழுதாக எடுத்துவிட்டார்கள். பத்து வருடத்தில் 1,600 என்பது 1,960 ஆகியிருக்கும். வெட்டுக்குப் பின் கிடைத்தது 1,528, அது அங்கேயே நிற்கிறது. அப்படியென்றால் பத்தாவது வருடத்தில் வெட்டு நாலரை சதவீதம் கிடையாது, 22 சதவீதம். 2022இல் முட்டையும் பெட்ரோலும் வீட்டு வாடகையும் ஏறிய ஏற்றத்தை இதில் நான் சேர்க்கவே இல்லை.

மூன்றாவது ஒன்று இருக்கிறது. அதை விளக்கிச் சொல்லும்போதுதான் அந்த அம்மாவின் குரல் மாறியது. ஊழியர்கள் விரும்பினால் சம்பளத்தில் 3, 5 அல்லது 7 சதவீதத்தைக் கூடுதலாகச் சேமிக்கலாம், பென்ஷன் நிதியே அதை நிர்வகிக்கும் என்று ஒரு திட்டம். நம் ஊர் பி.எஃப். மாதிரி. அதற்கு 7.9 சதவீதம் வரை வட்டி வரவு வைத்தார்கள், நிதி நஷ்டப்பட்ட வருடத்திலும். பொதுப் பென்ஷன் பணத்திலிருந்து எடுத்துத்தான் அந்த வட்டியைக் கொடுத்திருக்கிறார்கள் என்பது திவால் விசாரணையில் பேசப்பட்டது. ஆகவே 2003 முதல் 2013 வரை 'அதிகமாக'ப் போன வட்டியை ஓய்வூதியர்களிடமிருந்தே திரும்பப் பிடிக்க முடிவானது. நாலரையும் இதுவும் சேர்ந்து மாதப் பென்ஷனில் 20 சதவீதத்தைத் தாண்டாது என்று ஒரு வரம்பு வைத்தார்கள். மொத்தமாகக் கட்ட முடிந்தவர்கள் கட்டினார்கள். முடியாதவர்களுக்கு மாதப் பிடித்தம், அதற்கு 6.75 சதவீத வட்டி.

அவருக்கு மாதம் 180 டாலர் பிடித்தார்கள். அந்தச் சேமிப்பை ஓய்வு பெற்றபோதே எடுத்து, வீட்டுக் கூரை மாற்றியிருந்தார். "என்னை எல்லோரும் திருடி மாதிரி பார்த்தார்கள். வட்டியை நானா போட்டுக்கொண்டேன்?" என்று கேட்டார். பதில் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. கணக்கு மட்டும் போட்டேன். 1,600இல் 72 போய், 180 போய், 1,348. பன்னிரண்டால் பெருக்கினால் 16,176.

இன்னும் மருத்துவக் காப்பீட்டைச் சொல்லவில்லை. மொத்த வெட்டில் பெரியது அதுதான், செய்தித் தலைப்பில் வராததும் அதுதான். ஓய்வு பெற்றவர்களுக்கு மருத்துவச் செலவுக்காக நகரம் கொடுக்க வேண்டியது என்று ஒத்துக்கொண்ட தொகை சுமார் 430 கோடி டாலர். அதற்குப் பதிலாக 45 கோடி டாலர் கடன்பத்திரம் கொடுத்து முடித்துவிட்டார்கள். ரூபாய்க்குப் பத்துப் பைசா. 65 வயதானவர்களுக்கு அரசின் மெடிகேர் உண்டு. அதற்குக் கீழே இருந்தவர்களில் பெரும்பாலோருக்கு 2014 மார்ச் முதல் மாதம் 125 டாலர் கையில் கொடுத்து, வெளியே காப்பீடு வாங்கிக்கொள்ளச் சொன்னார்கள். அந்த அம்மாவுக்கு அப்போது 61 வயது. சர்க்கரை, ரத்த அழுத்தம் இரண்டும் உண்டு.

போலீஸ்காரர்களுக்கும் தீயணைப்பு வீரர்களுக்கும் அடி குறைவாக விழுந்தது. அவர்களின் பென்ஷன் குறையவில்லை, அகவிலைப்படி மட்டும் பாதிக்கும் கீழே போனது. அவர்களுக்கு மத்திய அரசின் ஓய்வூதியமான சோஷியல் செக்யூரிட்டி கிடையாது, இந்தப் பென்ஷனை விட்டால் வேறு வருமானமே இல்லை என்பதையும், அவர்களின் நிதி நல்ல நிலையில் இருந்ததையும் காரணமாகச் சொன்னார்கள். அதில் நியாயம் இருக்கிறது. ஆனாலும் ஒரே தெருவில் இருந்த பழைய சகாக்கள் இருவர் இதனால் பேச்சை விட்டதை அதே நூலக அறையில் கேள்விப்பட்டேன்.

இதில் வெளியுலகம் அதிகம் பேசியது அருங்காட்சியகத்தைப் பற்றி. டெட்ராய்ட் கலைக் கழகத்தின் ஓவியங்கள் அப்போது நகரத்தின் சொத்து. வான் கோ தன்னையே வரைந்த படம், ப்ரூகலின் கல்யாண நடனம் எல்லாம் அங்கே இருக்கின்றன. விற்றுக் கடனை அடையுங்கள் என்று கடன்காரர்கள் நெருக்கினார்கள். நகரப் பணத்தில் வாங்கியவற்றை மட்டும் கிறிஸ்டீஸ் ஏல நிறுவனம் மதிப்பிட்டு, 45.4 கோடி முதல் 86.7 கோடி டாலர் வரை பெறும் என்றது. சமரசத்துக்குப் பொறுப்பேற்ற நீதிபதி ஜெரால்ட் ரோசன் ஒரு வழி கண்டார். அறக்கட்டளைகள் 36.6 கோடி, மாநில அரசு 35 கோடி (20 வருடத் தவணைக்குப் பதில் ஒரேயடியாகக் கொடுத்ததால் 19.5 கோடி), அருங்காட்சியகம் திரட்டித் தருவது 10 கோடி. எல்லாம் பென்ஷன் நிதிக்குப் போகும். பதிலுக்கு ஓவியங்கள் நகரத்தின் கையைவிட்டு ஒரு தனி அறக்கட்டளைக்குப் போய், எந்தக் கடன்காரரும் தொட முடியாதபடி ஆகும். 20 வருடங்களில் 81.6 கோடி டாலர் வரும் என்று கணக்கிட்டார்கள். 'பெரும் பேரம்' என்று இதற்குப் பெயர்.

இது இல்லாவிட்டால் பொது ஊழியர்களின் வெட்டு 27 சதவீதம் வரை போயிருக்கும். எனவே நான் இதைக் குறை சொல்ல மாட்டேன். அந்த ஓவியங்கள் விற்கப்படாததில் எனக்கு உண்மையான மகிழ்ச்சி. அங்கே தியேகோ ரிவேரா 1932–33இல் நான்கு சுவர்களிலும் வரைந்த தொழிற்சாலை ஓவியங்களின் முன் நான் மணிக்கணக்கில் நின்றிருக்கிறேன். ஃபோர்டு ஆலையில் இன்ஜின் வார்க்கும் மனிதர்கள், குனிந்த முதுகுகள், பெல்ட்டின் இழுப்புக்கு எதிராகச் சாய்ந்த தோள்கள். சுற்றுவட்ட மூன்று மாவட்டக்காரர்களுக்கு அனுமதி இலவசம், தனி வரி கட்டுகிறோம் என்பதால். ஒருமுறை அந்த அம்மாவைக் கேட்டேன், ரிவேரா சுவரைப் பார்ப்பீர்களா என்று. பள்ளிக்கூடத்தில் கூட்டிப் போனபோது பார்த்ததாகவும், திவாலுக்குப் பின் போகவில்லை என்றும் சொன்னார். ஏன் என்று கேட்கவில்லை.

2014 கோடையில் ஓய்வூதியர்களின் வாக்கெடுப்பு தபாலில் நடந்தது. போலீஸ், தீயணைப்புத் தரப்பில் 82 சதவீதம் ஆம், பொது ஊழியர்களில் 73 சதவீதம் ஆம். 'ஓய்வூதியர்களே ஏற்றுக்கொண்டார்கள்' என்று இதைச் சொல்கிறார்கள். அந்தச் சீட்டில் இருந்த தேர்வைப் பாருங்கள். ஆம் என்றால் நாலரை. இரண்டு தரப்பில் ஒரு தரப்பு மறுத்தாலும் அறக்கட்டளைப் பணமும் மாநிலப் பணமும் போய், பொது ஊழியர்களுக்கு 27. ஒப்புக்கொண்டால் மாநிலத்தின் மேல் வழக்குப் போடும் உரிமையும் போகும். அந்த அம்மா ஆம் என்றுதான் போட்டார். சீட்டை இரண்டு வாரம் சமையலறை மேசையில் வைத்திருந்ததாகச் சொன்னார்.

நவம்பர் 7ஆம் தேதி நீதிபதி திட்டத்தை ஏற்றார். டிசம்பரில் நகரம் திவாலிலிருந்து வெளியே வந்தது. பென்ஷன் நிதிக்கு நகரம் தன் பொதுப் பணத்திலிருந்து பெரிதாக எதுவும் கட்ட வேண்டாம் என்று ஏறக்குறைய பத்து வருட அவகாசமும் கிடைத்தது.

இதைவிட மோசமானதும் நடந்திருக்கிறது. ரோட் ஐலண்டில் சென்ட்ரல் ஃபால்ஸ் என்ற சின்ன ஊர் 2011இல் திவாலானது. அங்கே ஓய்வு பெற்ற போலீஸ்காரர்கள், தீயணைப்பு வீரர்கள் சிலருக்குப் பென்ஷனில் 55 சதவீதம் வரை போனது. பத்திரக்காரர்களுக்கு முன்னுரிமை தரும் சட்டத்தை மாநிலம் முன்கூட்டியே போட்டிருந்தது, அதனால் அவர்களுக்கு முழுதும் கிடைத்தது. அலபாமாவில் பிரிச்சர்ட் 2009இல் பென்ஷன் காசோலை அனுப்புவதையே நிறுத்திவிட்டது, அப்படிச் செய்யக் கூடாது என்று சட்டம் சொல்லியும்கூட. 150 பேர் அளவில் ஓய்வூதியர்கள். ஒருவர் மின்சாரமும் தண்ணீரும் இல்லாத வீட்டில் இறந்து கிடந்தார். அதைப் படித்த அன்று அப்பாவுக்குப் போன் செய்தேன், வேறு எதையோ பேசிவிட்டு வைத்துவிட்டேன்.

இன்று டெட்ராய்ட் எழுந்து நிற்கிறது. 2023இல் மக்கள்தொகை பல பத்தாண்டுகளுக்குப் பின் முதல்முறையாகக் கூடியதாக மதிப்பீடு வந்தது. 2024இல் கடன் தரம் மீண்டும் முதலீட்டுத் தரத்துக்கு ஏறியது. பாழடைந்து கிடந்த மிச்சிகன் சென்ட்ரல் ரயில் நிலையத்தை ஃபோர்டு நிறுவனம் புதுப்பித்து அதே வருடம் ஜூனில் திறந்தது. குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு போய்ப் பார்த்தேன், மேற்கூரையைப் பார்த்து வாய் பிளந்தார்கள். எனக்கும் மகிழ்ச்சியாகத்தான் இருந்தது. பென்ஷன் நிதிக்கு நகரம் மறுபடி பணம் கட்டத் தொடங்கியிருக்கிறது, அதற்காக முன்கூட்டியே எடுத்தும் வைத்தார்கள். அதற்கு நகர நிர்வாகத்தைப் பாராட்ட வேண்டும். ஓய்வூதியர் சங்கங்கள் கேட்பது இன்னொன்று: நிலைமை சரியாகிவிட்டதே, அகவிலைப்படியைத் திரும்பக் கொடுங்கள். என் கருத்தும் அதுதான். வெட்டியபோது ஊர் மூழ்குகிறது என்றார்கள். இப்போது மூழ்கவில்லை. நகரம் இருண்டு கிடந்தபோது தங்கள் பங்கை விட்டுக்கொடுத்தவர்களில் பலர் 80 வயதைத் தாண்டிவிட்டார்கள். இன்னும் பத்து வருடம் காத்திருங்கள் என்று அவர்களிடம் சொல்ல முடியாது.

இந்தப் பிப்ரவரியிலும் அந்த அம்மா வந்தார், இந்த முறை கைத்தடியோடு. பிஸ்கட் டின் அதேதான், மூடிதான் ஒரு பக்கம் நசுங்கியிருந்தது. வீட்டு வரிச் சலுகைக்கான படிவத்தையும் சேர்த்துப் போட்டேன், கொஞ்சம் பணம் திரும்ப வரும். கையெழுத்துப் போட்டுவிட்டு, 1099-ஆர் தாளில் இன்னொரு நகல் எடுத்துத் தர முடியுமா என்று கேட்டார். எதற்கு என்றேன்.

"அடுத்த வருடம் பனியில் வர முடியாமல் போனால், இதைப் பார்த்தே பேத்தி நிரப்பிவிடுவாள்" என்றார்.

எடுத்துக் கொடுத்தேன்.